ஆற்றலைக் கடன் வாங்க முடியுமா?

குவாண்டம் இயற்பியலை எளிய நடையில் விளக்கும் நூல்களில் ஒரு கடன் கதை தவறாமல் இடம் பெறும். வாசகர்களாகிய நீங்களும் அதை எங்காவது படித்திருப்பீர்கள். வெற்றிடம் ஒரு வங்கி போன்றதாம். ஒரு துகளுக்கு ஆற்றல் போதவில்லை என்றால் அந்த வங்கியில் அது கடன் வாங்கிக் கொள்ளலாமாம். குறித்த காலத்துக்குள் திருப்பிக் கட்டிவிட்டால் இயற்கை கண்டுகொள்வதில்லையாம். கடன் பெரிதானால் தவணை குறுகும். கடன் சிறிதானால் தவணை நீளும். ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைத் தத்துவம் இதற்கு அனுமதி அளிக்கிறது என்று கதை முடியும்.

கதை சுவையானது, மனத்திலும் எளிதில் பதிகிறது. ஆனால் அதைப் படிக்கும் மாணவர் என்ன நினைப்பார்? ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்று அவர் பள்ளியில் படித்திருக்கிறார். இப்போது, "அந்த விதி பெரிய பொருள்களுக்கு மட்டும்தான் போலும், அணுவுக்குள் சென்றால் அது சற்றுத் தளர்ந்துவிடும்" என்ற முடிவுக்கு வருவார். அவர்மீது குற்றமில்லை. கதை அப்படித்தான் சொல்கிறது.

அந்த முடிவு தவறு என்பதை இக்கட்டுரையில் காட்ட விரும்புகிறேன். குவாண்டம் இயற்பியலில் ஆற்றல் அழிவின்மை விதி ஒரு கணமும் தளர்வதில்லை. தளர்கிறது என்று வைத்துக்கொண்டால், ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் கொள்கையோடு அது எவ்வகையிலும் ஒத்துப்போகாது. உயர் கணிதம் இல்லாமலேயே இதை நாம் பார்க்கலாம். கூட்டல் கழித்தலும் ஒரு வர்க்கமூலமும் போதும்.

கதை எங்கிருந்து வந்தது?

முதலில் கதைக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுவோம். அது வெறும் கற்பனையன்று. உண்மையான ஒரு சிக்கலை விளக்கவே அது பிறந்தது.

இரண்டு எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. அவை தமக்குள் ஃபோட்டானைப் பரிமாறிக்கொள்வதால் விலக்கு விசை தோன்றுகிறது என்கிறது குவாண்டம் கொள்கை. ஓய்வாக இருக்கும் ஓர் எலெக்ட்ரான் ஒரு ஃபோட்டானை உமிழ முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓய்வில் இருக்கும் எலெக்ட்ரானின் ஆற்றல் 0.511 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் (இனி மி.எ.வோ.). அது 0.1 மி.எ.வோ. ஆற்றலுள்ள ஃபோட்டானை உமிழ்வதாகக் கொள்வோம். துப்பாக்கி பின்னுதைப்பது போல எலெக்ட்ரானும் எதிர்த்திசையில் அதே அளவு உந்தத்துடன் நகர வேண்டும். அப்போது அதன் ஆற்றல், 0.511-இன் வர்க்கத்தையும் 0.1-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் வருவது; அதாவது 0.521. ஃபோட்டானின் 0.1-ஐயும் சேர்த்தால் மொத்தம் 0.621. கையில் இருந்ததோ 0.511. கணக்கில் 0.11 மி.எ.வோ. துண்டு விழுகிறது!

இந்தத் துண்டை ஈடுகட்டத்தான் கடன் கதை வந்தது. 0.11 மி.எ.வோ. கடன், மிகக் குறுகிய தவணை, இரண்டாம் எலெக்ட்ரான் ஃபோட்டானை உறிஞ்சியதும் கடன் தீர்ந்தது. ஆற்றலில் பிசகு உண்டு. உந்தத்தில் பிசகு இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை உடைவது அந்த இடத்தில்தான்.

சார்பியலின் தடை

தரையில் ஒரு கோல் கிடக்கிறது. அது கிழக்கு நோக்கி எத்தனை அடி செல்கிறது, வடக்கு நோக்கி எத்தனை அடி செல்கிறது என்று அளக்கலாம். நாம் திசைகாட்டியைச் சற்றுத் திருப்பி வைத்து அளந்தால் இரண்டு எண்களும் மாறும். ஒன்றில் இருந்தது மற்றொன்றில் கலந்துவிடும். கோலின் நீளம் மட்டும் மாறாது.

ஆற்றலும் உந்தமும் இத்தகைய உறவு உடையவை என்பதே 1905-இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட சிறப்புச் சார்பியல் கொள்கையின் விளைவு. நிலையத்தில் நிற்பவருக்கு ஆற்றலாகத் தோன்றுவதில் ஒரு பகுதி, ஓடும் வண்டியில் இருப்பவருக்கு உந்தமாகத் தோன்றும். எனவே ஒருவருடைய கணக்கில் ஆற்றல் மட்டும் பிசகி உந்தம் பிசகாமல் இருந்தால், வேறொருவருடைய கணக்கில் உந்தமும் பிசகும்.

நம் எடுத்துக்காட்டிலேயே இதைப் பார்க்கலாம். நமக்கு ஆற்றலில் 0.11 மி.எ.வோ. பிசகு, உந்தத்தில் பிசகு சுழி. ஒளிவேகத்தில் 60 விழுக்காடு வேகத்தில் செல்லும் ஒருவர் இதே நிகழ்ச்சியைப் பார்த்தால், சார்பியல் விதிகளின்படி அவருக்கு ஆற்றலில் பிசகு ஏறக்குறைய 0.14 மி.எ.வோ.; உந்தத்திலும் ஏறக்குறைய 0.08 அலகு பிசகு. நம்மிடம் கதை சொன்னவர் அவரிடமும் சென்று, "ஆற்றலில்தான் பிசகு, உந்தத்தில் இல்லை" என்று சொல்ல முடியுமா? இயற்கையின் விதிகள் சீரான வேகத்தில் செல்லும் எல்லாருக்கும் ஒன்றே என்பது சார்பியலின் அடிப்படை. நமக்கு ஒரு விதி, அவருக்கு ஒரு விதி என்பதற்கு அங்கே இடமில்லை.

எனவே இரண்டில் ஒன்று உறுதி. ஆற்றலும் உந்தமும் சேர்ந்தே அழிவின்மையுடன் இருக்க வேண்டும். இல்லையேல் இரண்டும் சேர்ந்தே தளர வேண்டும். ஒன்றை மட்டும் தளர்த்தும் கடன் கதை உண்மையில் நடந்த நிகழ்ச்சியின் வருணனையாக இருக்க முடியாது.

கடன் வாங்கியவர் யார்?

இன்னொரு கேள்வியும் உண்டு. முதல் எலெக்ட்ரான் உமிழ்ந்தது, இரண்டாவது உறிஞ்சியது என்றோம். உமிழ்வும் உறிஞ்சலும் இடத்தால் விலகியும் காலத்தால் மிக நெருங்கியும் இருந்தால், ஒளிகூட ஒன்றிலிருந்து மற்றதற்குச் சென்று சேர முடியாது. குவாண்டம் கணக்கு இத்தகைய வாய்ப்புகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட இரு நிகழ்ச்சிகளில் எது முந்தியது என்பதில் பார்வையாளர்களிடையே ஒற்றுமை இராது. இதுவும் சார்பியல் தரும் பாடமே. நம் பார்வையில் முதல் எலெக்ட்ரான் உமிழ்ந்தது. விரைந்து செல்லும் ஒருவரின் பார்வையில் இரண்டாவது எலெக்ட்ரான் உமிழ, முதலாவது உறிஞ்சியது. அப்படியானால் கடனாளி யார்? ஊருக்கு ஒரு கடனாளியைக் காட்டும் பற்றுச்சீட்டை எந்த வங்கியும் ஏற்காது.

சரியான கணக்கு

பிழை எங்கே நுழைந்தது என்று இப்போது பார்க்கலாம். ஒளியும் அணுவும் ஊடாடுவதைக் குவாண்டம் முறையில் கணக்கிட 1927-இல் வழி வகுத்தவர் டிராக். அந்த முறையில் காலத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, தொடக்க நிலை, இடைநிலை, இறுதி நிலை என்று எழுதுவார்கள். இடைநிலையில் வரும் துகள்கள் எல்லாம் உரிய நிறையுடைய உண்மைத் துகள்களாகவே எழுதப்படும். அதனால் இடைநிலையின் ஆற்றல் தொடக்க நிலையின் ஆற்றலோடு ஒத்துப்போகாது. மேலே நாம் போட்ட 0.621 கணக்கு இந்த வகையைச் சேர்ந்தது. முறை தவறன்று. விடை சரியாகவே வரும். ஆனால் இடைநிலை என்பது கணக்கின் நடுவில் வரும் ஓர் உறுப்பு. உலகில் நடந்த ஒரு நிகழ்ச்சியன்று. ஒரு பெருக்கலைச் செய்யும்போது நடுவில் எழுதும் எண்களை விடையாகப் படிப்பவர் உண்டா?

1949-இல் ஃபைன்மன் இதே கணக்கை வேறு வகையில் அடுக்கினார். முதல் எலெக்ட்ரான் முந்துவது ஓர் உறுப்பு; இரண்டாவது எலெக்ட்ரான் முந்துவது மற்றோர் உறுப்பு. தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் ஆற்றல் பொருந்துவதில்லை. இரண்டும் பார்வையாளருக்குப் பார்வையாளர் மாறுகின்றன. அவற்றைக் கூட்டினாலோ எல்லாப் பார்வையாளருக்கும் பொதுவான ஒரே உறுப்பு கிடைக்கிறது. இந்தப் புதிய உறுப்பில், கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் ஆற்றலும் உந்தமும் இம்மியும் பிசகாமல் சமன்படுகின்றன. ஃபைன்மன், ஷ்விங்கர், டோமோனாகா ஆகிய மூவருக்கும் 1965-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த குவாண்டம் மின்னியக்கவியலில், கணக்கின் ஒவ்வோர் அடியிலும் சார்பியலுக்கு உரிய மதிப்பு கிடைத்தது இவ்வகையில்தான்.

அப்படியானால் நம் 0.11 மி.எ.வோ. துண்டு எங்கே போயிற்று? நியாயமான கேள்வி. ஃபைன்மன் முறையில் வேறொன்று தளர்கிறது. ஒரு தனித்த துகளின் ஆற்றல், உந்தம், நிறை ஆகிய மூன்றுக்கும் இடையே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆற்றலின் வர்க்கத்திலிருந்து, உந்தத்தை ஒளிவேகத்தால் பெருக்கி வருவதன் வர்க்கத்தைக் கழித்தால், நிறைக்குரிய ஆற்றலின் வர்க்கம் வர வேண்டும். ஃபோட்டானுக்கு அது சுழி. வெளியே சென்று கருவியில் பதியும் எந்தத் துகளும் இக்கட்டுப்பாட்டை மீறுவதில்லை. இரு துகள்களுக்கு இடையே மட்டும் பரிமாறப்படும் புலத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் அதை மாயத் துகள் என்கிறோம்.

இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே வேகத்தில் எதிரெதிரே வந்து, சிதறி, அதே வேகத்தில் வேறு திசைகளில் செல்வதாகக் கொள்ளுங்கள். மோதலுக்கு முன்னும் பின்னும் முதல் எலெக்ட்ரானின் ஆற்றல் ஒன்றே. இரண்டாவதற்கும் அப்படியே. ஆகவே பரிமாறப்பட்ட மாயத் துகள் சுமந்து சென்ற ஆற்றல் எவ்வளவு? சுழி! உந்தம் மட்டுமே கைமாறியது. உந்தம் உண்டு, ஆற்றல் இல்லை என்ற நிலை எந்தத் தனித்த ஃபோட்டானுக்கும் இயலாது. மாயத் துகளுக்கு இயலும். ஆற்றலே கைமாறாத இடத்தில் கடன் என்ற பேச்சுக்கு என்ன வேலை?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஃபைன்மன் வரைபடத்தின் கோட்டையும் துகள் சென்ற பாதையின் புகைப்படமாக நீங்கள் எண்ணக்கூடாது. அதுவும் கணக்கின் ஓர் உறுப்பே. பழைய இடைநிலைக்கு இல்லாத ஒரு பெருமை அதற்கு உண்டு: எந்த வேகத்தில் செல்பவர் பார்த்தாலும் அது ஒரே உறுப்பாக இருக்கும்.

நியூட்ரானும் 80,000 மி.எ.வோ. கடனும்

கடன் கதை மாணவரை எவ்வளவு தூரம் வழி தவறச் செய்யும் என்பதற்கு நியூட்ரானின் பீட்டா சிதைவு நல்ல சான்று. நியூட்ரான் ஒரு புரோட்டானாகவும் எலெக்ட்ரானாகவும் எதிர் நியூட்ரினோவாகவும் சிதைகிறது. இதற்கு இடையாளாக இருப்பது டபிள்யூ துகள். ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் ஆய்வகத்தில் 1983-இல் கண்டறியப்பட்ட இத்துகளின் நிறை ஏறக்குறைய 80,400 மி.எ.வோ. இது நியூட்ரானின் நிறையைப் போல் ஏறக்குறைய 86 மடங்கு. "தன்னைவிட 86 மடங்கு கனமான துகளை உண்டாக்க நியூட்ரான் 80,000 மி.எ.வோ. கடன் வாங்குகிறது" என்று கதை சொல்லும். கேட்பவர் வியப்பார்.

சரியான கணக்கில் வியப்புக்கு இடமில்லை. நியூட்ரானுக்கும் புரோட்டானுக்கும் உள்ள நிறை வேறுபாடு 1.29 மி.எ.வோ. அதற்கு மேல் எலெக்ட்ரானுக்கும் எதிர் நியூட்ரினோவுக்கும் எதுவும் போய்ச் சேர முடியாது. ஆகவே இடையில் உள்ள டபிள்யூ புலம் சுமப்பதும் 1.29 மி.எ.வோ. அளவுக்கு மேற்படாது. 80,400 எங்கும் கடனாக வாங்கப்படவில்லை. தனித்த டபிள்யூ துகளுக்குரிய நிறைக் கட்டுப்பாட்டிலிருந்து இந்தப் புலம் வெகு தொலைவு விலகி நிற்கிறது. விலகல் மிகுந்தால் நிகழ்வாய்ப்பு குறையும். டபிள்யூவின் நிறை கூடக் கூட, சிதைவின் வாய்ப்பு அதன் நான்காம் அடுக்குக்கேற்பக் குறையும். ஒரு நியூட்ரான் சராசரியாக ஏறக்குறைய 15 நிமிடம் வாழ முடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடன் கதை இந்த அழகிய காரணத்தை மறைத்துவிட்டு, நடக்காத ஒரு பரிமாற்றத்தை நமக்குக் காட்டுகிறது.

நிச்சயமின்மை சொல்வது என்ன?

"ஹைசன்பர்க்கின் தத்துவம் பொய்யா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அதன் பொருள்தான் திரிக்கப்பட்டுவிட்டது. ஆற்றலுக்கும் காலத்துக்கும் இடையிலான நிச்சயமின்மையின் பொருளை 1945-இல் மாண்டல்ஸ்டாம், டாம் என்னும் சோவியத் அறிஞர்கள் தெளிவாக வரையறுத்தனர். ஓர் அமைப்பின் நிலை கண்ணுக்குத் தெரியும்படி மாறுவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதே அதில் வரும் காலம். விரைவில் மாறும் அமைப்புக்கு ஆற்றல் ஒரே எண்ணாக இராது, பரவல் இருக்கும். மெதுவாக மாறுவதற்குப் பரவல் குறைவு. அவ்வளவே. ஆற்றல் எவ்வளவு நேரம் காணாமற்போகலாம் என்பது பற்றி அத்தத்துவம் ஒன்றும் சொல்லவில்லை.

தெருவில் எரியும் மஞ்சள் நிறச் சோடியம் விளக்கை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள சோடிய அணு கிளர்ச்சி நிலையில் இருப்பது, ஒரு வினாடியை நூறு கோடியாகப் பகுத்தால் ஏறக்குறைய 16 பங்கு நேரம். அதனால் அந்த மஞ்சள் ஒளியின் ஃபோட்டான் ஆற்றலான 2.1 எலெக்ட்ரான் வோல்ட்டில் மிக நுண்ணிய பரவல் ஒன்று உண்டு. ஒரு எலெக்ட்ரான் வோல்ட்டை ஒரு கோடிப் பங்காக்கினால் அதில் அரைப் பங்குக்கும் சற்றுக் குறைவு. நிச்சயமின்மைத் தத்துவம் சொல்லும் பரவல் இதுவே. அணுவையும் ஒளியையும் சேர்த்து ஒரே அமைப்பாகக் கொண்டால், மொத்த ஆற்றலின் பரவல் கிளர்ச்சியின்போது எப்படி இருந்ததோ, ஒளி வெளிப்பட்ட பின்னும் அப்படியே இருக்கும். கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

உண்டியலில் உள்ள தொகையை ஒரே எண்ணாகச் சொல்ல முடியாமல் இருப்பது வேறு. உண்டியலில் இல்லாத பணத்தை எடுத்துச் செலவழிப்பது வேறு. முதலாவதை இரண்டாவதாக மாற்றிச் சொல்வதே கடன் கதையின் பிழை.

விடை மட்டும் எப்படிப் பொருந்தியது?

கடன் கதைக்கு ஒரு வெற்றி உண்டு என்பதை மறைக்கக்கூடாது. அணுக்கரு விசை மிகக் குறுகிய தொலைவுக்குள்தான் செயற்படும். பை மெசானின் நிறை ஏறக்குறைய 140 மி.எ.வோ. அவ்வளவு கடனுக்கு உரிய தவணை, ஒரு வினாடியை 10²⁴ பங்காக்கினால் அவற்றுள் ஏறக்குறைய 5 பங்கு. அந்த நேரத்தில் ஒளி செல்லும் தொலைவு, ஒரு மில்லிமீட்டரை இலட்சம் கோடிப் பங்காக்கினால் 1.4 பங்கு. அணுக்கரு விசையின் எல்லை உண்மையிலேயே இந்த அளவுதான்!

ஆனால் இதே விடை வேறு வழியிலும் வருகிறது. 1935-இல் ஜப்பானிய அறிஞர் யுகாவா இந்த விசையை விளக்கியபோது கடன் கணக்குப் போடவில்லை. நிறையுள்ள ஒரு புலம் ஓய்வில் உள்ள அணுக்கருத் துகளைச் சுற்றி எவ்வாறு பரவும் என்பதைச் சமன்பாட்டிலிருந்தே கண்டார். அங்கே பரிமாறப்படும் ஆற்றல் சுழி. உந்தம் மட்டுமே உண்டு. புலம் தொலைவு செல்லச் செல்ல விரைந்து தேய்கிறது. தேயும் அளவைக் காட்டும் நீளம், பிளாங்க் மாறிலியை 2 பையால் வகுத்து, அதை நிறையாலும் ஒளிவேகத்தாலும் வகுத்தால் கிடைப்பது. நிச்சயமின்மையைக் கொண்டு இந்த எல்லையை விளக்கியவர் இத்தாலிய அறிஞர் விக், அது 1938-இல். யுகாவா எதிர்பார்த்த துகள் 1947-இல் கண்டறியப்பட்டது.

பிளாங்க் மாறிலி, நிறை, ஒளிவேகம் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு நீளத்தை உண்டாக்க ஒரே வழிதான் உண்டு. எந்தக் கதையைச் சொன்னாலும், அம்மூன்றும் அதில் வந்தால், எண் ஏறக்குறையப் பொருந்தியே தீரும். எண் பொருந்தியதால் கதை மெய்யாகிவிடாது. தேர்வில் விடை சரியாக வந்தும் வழிமுறை தவறாக இருந்தால் ஆசிரியர் மதிப்பெண் குறைப்பது எதற்காக என்பது மாணவர்களுக்குத் தெரியும்.

விதியைக் கைவிட நினைத்தவர்கள்

இது சொல்லைப் பற்றிய சண்டைதானே, இதற்கு ஏன் இவ்வளவு முயற்சி என்று தோன்றலாம். வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

1924-இல் நீல்ஸ் போர், கிராமர்ஸ், ஸ்லேட்டர் ஆகிய மூவரும் ஒரு கருத்தை வெளியிட்டனர். எக்ஸ் கதிர் எலெக்ட்ரானில் மோதிச் சிதறும்போது ஆற்றலும் உந்தமும் சராசரியாகத்தான் அழிவின்மையுடன் இருக்கும். தனித்தனி மோதலில் அவ்வாறு இருக்க வேண்டியதில்லை என்றனர். அடுத்த ஆண்டே சோதனைகள் தீர்ப்பளித்தன. சிதறிய கதிரும் உதைபட்ட எலெக்ட்ரானும் ஒரே நேரத்தில் வெளிப்படுகின்றன என்று பெர்லினில் போத்தேயும் கைகரும் காட்டினர். திசைகளும் விதிப்படியே பொருந்துகின்றன என்று காம்ப்டனும் சைமனும் முகிற்கலத்தில் காட்டினர். விதி ஒவ்வொரு தனி மோதலிலும் செல்லும் என்பது உறுதியாயிற்று.

பீட்டா சிதைவில் மீண்டும் ஐயம் எழுந்தது. ரேடியம்-ஈ என்னும் பொருளிலிருந்து வரும் எலெக்ட்ரான்களின் உச்ச ஆற்றல் ஒரு மி.எ.வோ.வுக்குச் சற்று மேல். 1927-இல் எல்லிஸும் ஊஸ்டரும் வெப்பத்தை அளந்தபோது ஒரு சிதைவுக்குக் கிடைத்ததோ ஏறக்குறைய 0.35 மி.எ.வோ. மட்டுமே. மீதி எங்கே? அணுக்கருவுக்குள் விதி செல்லாமற் போகலாம் என்று நீல்ஸ் போர் மறுபடியும் கருதினார். பௌலி அதை ஏற்கவில்லை. கணக்கில் துண்டு விழுகிறது என்றால், நாம் காணாத ஒன்று அதை எடுத்துச் செல்கிறது என்றே பொருள் என்று 1930 டிசம்பர் 4-ஆம் நாள் எழுதிய கடிதத்தில் அவர் ஒரு புதிய துகளை முன்மொழிந்தார். 1934-இல் ஃபெர்மி அதைக் கொண்டு பீட்டா சிதைவுக்கு ஒரு கொள்கையை அமைத்தார். 1956-இல் ரைன்ஸும் கோவனும் அணு உலை ஒன்றின் அருகே அந்த நியூட்ரினோவைப் பிடித்துக் காட்டினர்.

இடையில் 1936-இல், ஷாங்க்லண்ட் செய்த ஒரு சோதனையை நம்பி, ஒளி தொடர்பான நிகழ்ச்சிகளில் விதியைக் கைவிடலாம் என்று டிராக் போன்ற மேதையே எழுதினார். அச்சோதனையின் முடிவு தவறென்று வேறு சோதனைகள் அதே ஆண்டில் காட்டிவிட்டன.

இவர்கள் யாரும் கடன் கதையைச் சொல்லவில்லை. இறுதிக் கணக்கிலேயே பிசகு இருக்கலாம் என்று எண்ணினார்கள். ஆயினும், "சிறிய உலகில் விதி சற்றுத் தளரும்" என்ற மனப்பான்மை இரண்டுக்கும் பொது. அந்த மனப்பான்மையோடு 0.35-ஐப் பார்ப்பவர் கணக்குப் புத்தகத்தை மூடிவிடுவார். பௌலி மூடவில்லை. அதனால் நியூட்ரினோ கிடைத்தது. இன்று கடன் கதையைப் படிக்கும் மாணவர் நாளை ஒரு துண்டைக் காணும்போது எதைச் செய்ய வேண்டும் என்று நாம் விரும்புகிறோம்?

இன்னொரு கேடும் உண்டு. "வெற்றிடத்திலிருந்து இலவச ஆற்றல்" என்று விளம்பரம் செய்து இயந்திரம் விற்க முயல்வோர், இந்தக் கதையைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். 1948-இல் காசிமிர் கணித்துச் சொன்ன விளைவையும் சேர்த்துக்கொள்வார்கள். மிக நெருக்கமாக வைத்த இரு உலோகத் தகடுகள் வெற்றிடத்திலும் ஒன்றையொன்று ஈர்க்கும் என்பது உண்மை. சோதனையில் அளந்தும் இருக்கிறார்கள். ஆனால் அவை நெருங்கும்போது கிடைக்கும் வேலைக்குச் சமமான வேலையைச் செய்தால்தான் அவற்றை மீண்டும் பிரிக்க முடியும். சுற்று முடிந்தால் ஆதாயம் சுழி. விதி ஒரு கணமும் தளராது என்று தெரிந்தவரை இந்த விளம்பரங்கள் ஏமாற்ற முடியாது.

எப்படிச் சொல்லலாம்?

கதையைக் குறை கூறினால் போதாது. அதற்கு மாற்று ஒன்றும் தர வேண்டும். எளிய நூல் எழுதுவோரும் ஆசிரியர்களும் இப்படிச் சொல்லலாம்: "துகள்கள் ஊடாடும்போது ஆற்றலும் உந்தமும் ஒவ்வோர் அடியிலும் முழுமையாகச் சமன்படுகின்றன. இடையில் பரிமாறப்படும் புலம் மட்டும், தனித்த துகளுக்குரிய நிறைக் கட்டுப்பாட்டுக்கு உட்படுவதில்லை. அக்கட்டுப்பாட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு அந்த ஊடாட்டம் அரிதாகும்." கடன் கதையைவிட இது நீளமில்லை. மாணவர் மேற்படிப்புக்குச் சென்றபின் மறக்க வேண்டியதும் இதில் ஒன்றுமில்லை.

இங்கே பேசியதெல்லாம் சிறப்புச் சார்பியலின் எல்லைக்கு உட்பட்டது. விரியும் பேரண்டம் முழுவதற்கும் மொத்த ஆற்றல் என்று ஒன்றைச் சொல்வதில் பொதுச் சார்பியல் வேறு சிக்கல்களைக் காட்டுகிறது. அதை இந்தக் கடன் கதையோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக உங்களுக்கு ஒரு பயிற்சி. மேலே சொன்ன ஓய்வு எலெக்ட்ரான் கணக்கில் ஃபோட்டானின் ஆற்றலை 0.1-க்குப் பதில் 0.01 என்று வைத்து மீண்டும் போட்டுப் பாருங்கள். பிறகு 0.001 என்று வைத்துப் பாருங்கள். துண்டு எவ்வளவு சிறுத்தாலும் சுழி ஆவதில்லை என்பதை உங்கள் கையாலேயே காண்பீர்கள். தனித்த எலெக்ட்ரான் தானாக ஒளி உமிழாமல் இருப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை அதுவே. எவ்வளவு சிறிய தொகைக்கும் இயற்கை கடன் தருவதில்லை.